அவித்த சாக்கு

அந்தச் சாக்கின் நடுவில் நீல மையில் ஒரு முத்திரை இருந்தது. வட்டத்துக்குள் ஒரு தராசு. திண்டிவனத்து மண்டியில் எல்லாச் சாக்கிலும் இருந்த முத்திரைதான். ஆனால் என் அக்கா வீட்டு ஜன்னலில் கடைசியாகத் தொங்கிய சாக்கில் அது வெளுத்துப் போய், ஏற்கனவே பார்த்தவர்களுக்கு மட்டுமே தராசு என்று தெரிகிற மாதிரி இருந்தது. அக்கா அதை நெல் அவிக்கிற அண்டாவில் போட்டு, சலவைச் சோடாவைக் கொட்டி, காலையிலிருந்து உச்சிப்பொழுது வரை வேக வைத்திருந்தாள். நான் சுற்றாத ஊர் குறைவு. சாக்கை அவித்த பெண்பிள்ளையை வேறெங்கும் பார்த்ததில்லை. எதற்காக அவித்தாள் என்பது அந்த வீட்டில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரியும். அக்காவும் மாமாவும் இப்போது இல்லை. யாருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அவ்வளவும் செய்தோமோ, அந்த மேஸ்திரியும் காலமாகிவிட்டார். இனி எழுதினால் யாருக்கும் வலிக்காது.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் கணவரை. மண்டியில் அவர் சாம்பிள்காரர். நிலக்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். உடைத்த மல்லாட்டைப் பருப்பு சுற்றுவட்டாரத்திலிருந்து கட்டைவண்டிகளில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மாமா குத்தூசியோடு போவார். அது முனை கூர்ந்த இரும்புக் குழாய். மூட்டையின் வயிற்றில் குத்தி இழுத்தால் ஒரு பிடி பருப்பு வெளியே வரும். அதை உள்ளங்கையில் கொட்டி, தூசு போக ஊதி, மூக்கருகே கொண்டுபோவார். ஈரம் பட்ட சரக்கா, பூசணம் பிடித்ததா, போன வருஷத்துப் பழையதைக் கலந்ததா என்பதை முகர்ந்தே சொல்லிவிடுவார். சொன்னதை மாற்றமாட்டார். வியாபாரி வேண்டியவராக இருந்தாலும் சரி, வண்டிக்காரன் காலில் விழுந்தாலும் சரி. மாமா குடும்பத்துக்கு அவர் மூக்குதான் சோறு போட்டது.

மேஸ்திரி என்றால் மூட்டை தூக்குகிறவர்களின் தலைவர். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் காலனியில் அவர் வீடு. மற்ற மண்டிகளில் மூட்டையை இறக்கி உள்ளே அடுக்கிய பிறகுதான் குத்தூசி வைப்பார்கள். சரக்கு ஆகாது என்றால் தூக்கினவர்களே மறுபடி சுமந்து வண்டியில் ஏற்ற வேண்டும். அந்த இரண்டாம் சுமைக்குக் கூலி கிடையாது. மாமா மட்டும் வண்டி மேலேயே ஏறி, உச்சி வெயிலில் நின்று, அங்கேயே குத்திப் பார்ப்பார். ஆகாத மூட்டை மண்டிக்குள் வராது. இதைப் பற்றி மாமா யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. மேஸ்திரியின் ஆட்கள்தான் சொல்வார்கள். மாமா வண்டி மேல் நிற்கும்போது மேஸ்திரி ஒரு சாக்கை மடித்து அவர் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அத்தனை வருஷத்தில் மேஸ்திரி எங்கள் அக்கா வீட்டு வாசற்படியைத் தாண்டியது கிடையாது. டீக்கடையிலும் அவருக்கு வேறு தம்ளர். அப்போது அது அப்படித்தான் இருந்தது, யாரும் அதைப் பேசிக்கொள்ளவும் இல்லை.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விழுப்புரம் ஸ்டேஷனில் டீ விற்றேன், நெய்வேலியில் மண் வெட்டினேன், லாரி கிளீனராகச் சேலம் வரை போய்ப் பாஷை தெரியாத ஒரு டிரைவரோடு சண்டை போட்டுப் பாதி வழியில் இறங்கினேன். பசித்த நாட்களும் உண்டு, ஸ்டேஷன் பெஞ்சில் படுத்த நாட்களும் உண்டு. அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை, உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாதவனுக்கு அது விதித்ததுதான். அக்கா ஆள் விட்டு அழைத்தபோது நான் புதுச்சேரியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இலை எடுத்துக்கொண்டிருந்தேன். நயா பைசா வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த காலம்.

மாமாவுக்கு ஈறிலிருந்து ரத்தம் வந்தது. புகையிலைதான் காரணம் என்று புகையிலையை விட்டார். தோளிலும் தொடையிலும் நீலம் நீலமாகக் கன்றிப் போனது. மூட்டை இடித்திருக்கும் என்றார்கள். வண்டி மேல் ஏற மூச்சு வாங்கியபோதுதான் விழுப்புரத்துக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். சென்னையில் நெஞ்செலும்பில் ஊசியைக் குத்தி உள்ளிருப்பதை உறிஞ்சி எடுத்தார்கள். வெளியே வந்த மாமா சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "எம்மாம் மூட்டைக்குக் குத்தூசி வெச்சேன்! இன்னிக்கி எம் மூட்டைக்கு வெச்சிட்டாங்கடா" என்றார். அக்கா சிரிக்கவில்லை. நானும் அவரும் சிரித்தோம். சரக்கு ஆகாது என்று மறுநாள் சொன்னார்கள். ரத்தத்தில் புற்றுநோய். அந்த நோய் ரத்தத்தில் வரும் என்பதே எங்களுக்குப் புதிது. கட்டி இல்லை, புண் இல்லை, வெட்டி எறிய இடமும் இல்லை.

மாத்திரைகள் கொடுத்தார்கள். அவற்றைத் தின்றதும் மாமாவின் முகம் பூசணிக்காய் போல உருண்டது. பசி வந்தது. கேப்பைக் களியை உருட்டி உருட்டிச் சாப்பிட்டார். தெருவில் எல்லாரும் உடம்பு தேறிவிட்டது என்றார்கள். கொஞ்ச நாளைக்கு எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. மண்டிக்குப் போகாதே, தூசு ஆகாது என்று டாக்டர் சொன்னதால் வீட்டிலேயே கட்டிலில் கிடந்தார். நான் கூடவே இருந்தேன். அதுவரை எந்த ஊரிலும் நான் அவ்வளவு நாள் தங்கியதில்லை.

சித்திரைக் கடைசியில் கத்திரி வெயில் பிடித்துக்கொண்டது. ஓட்டு வீடு. பகலில் உள்ளே அடுப்பு போல இருக்கும். மாமாவுக்கு உடம்பும் காய்ந்தது. ஒரு மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், மேஸ்திரியும் இன்னும் இரண்டு பேரும் கையில் சாக்கும் சணல் கயிறுமாக நிற்கிறார்கள். மண்டி ஆபீஸ் அறை ஜன்னலில் வெயில் காலத்தில் சாக்கைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளிப்பது வழக்கம். காற்று அதன் வழியாகக் குளிர்ந்து உள்ளே வரும். அதையே இங்கே செய்ய வந்திருந்தார்கள்.

"மொதலாளி மட்டும் குளுகுளுன்னு ஒக்காந்துக்கினு கணக்குப் பாக்கறாரு. நீங்க இங்க வெந்துக்கினு கெடக்கணுமா ஐயா?" என்று கேட்டார் மேஸ்திரி, வெளியே நின்றபடியே.

"மண்டிச் சாக்கை எடுத்தாந்துட்டியா? மொதலாளி பாத்தா சாக்குக்குப் பதிலா உன்னைக் கட்டித் தொங்க விட்டுடுவாருடா!"

"கேட்டுக்கினுதான் எடுத்தாந்தேன். பேஜாரு பண்ணாம படுங்க."

ஜன்னல்களுக்கும் பின் கதவுக்கும் வெளிப்புறமாகவே கட்டினார்கள். தினமும் பகலில் யாராவது ஒருவர் வந்து வாளித் தண்ணீரை வெளியிலிருந்தே அதன் மேல் வீசிவிட்டுப் போவார். பெரும்பாலும் மேஸ்திரிதான் வருவார். சாக்கு காயவே விடவில்லை. அறை குளிர்ந்தது. அந்த வெயிலில் மாமா நிம்மதியாகத் தூங்கியது அதற்குப் பிறகுதான். ஈரச் சாக்கின் அந்த வாசனை வீடெல்லாம் இருந்தது. மாமா கண்ணை மூடியபடியே, "இது நம்ம சித்தாமூரு பக்கத்துச் சரக்கு வந்த சாக்குடா" என்பார்.

பிறகு ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "கொழம்புல கருவாடு போடலியா?" என்று அக்காவைக் கேட்டார். தட்டில் கருவாடு கிடந்தது. கிண்டல் செய்கிறார் என்று அக்கா நினைத்தாள். அவர் கருவாட்டை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்தார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். ஜலதோஷம் என்று நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னோம். தைலம் தடவினோம். ஒரு பக்கக் கன்னம் வீங்கியது, பல்வலி என்றோம். அந்தக் கன்னத்தில் கை வைத்தால் வைத்தது தெரியவில்லை என்றார். மூக்கிலிருந்து கறுப்பாக ஏதோ வந்தது. கண் ஒன்று வீங்கி மூடிக்கொண்டபோது ரயிலேற்றி விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கிருந்த டாக்டர் இளைஞர். நெற்றியில் வட்டக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு மூக்குக்குள் பார்த்தார், பிறகு வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தைப் பார்த்தார். அங்கேயும் கறுத்திருந்தது. நெடுநேரம் பார்த்துவிட்டு எங்களை வராந்தாவுக்கு அழைத்து வந்தார். "இது ஒரு பூசணம். புஸ்தகத்துல படிச்சிருக்கேன். கண்ணால பார்க்கிறது இதுதான் முதல் தடவை" என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை. "ஊறுகாயில பூக்குமே, அந்தப் பூசணமா? அது எப்படிங்க உசிரோட இருக்கிற மனுசன் மேல பூக்கும்?"

டாக்டர் கோபப்படாமல் சொன்னார். பூசணத்தின் தூள் காற்றில் எங்கும் இருக்கிறது, எல்லாரும் தினமும் மூச்சில் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், நல்ல ரத்தம் அதை அழித்துவிடும். இவர் ரத்தத்தில் அந்தக் காவல் இல்லை. நோய் பாதிக் காவலைத் தின்றுவிட்டது, நோய்க்குக் கொடுத்த மாத்திரை மீதியையும் குறைத்துவிட்டது. அதனால் உள்ளே போனது முளைத்து, ரத்தக் குழாய்களை அடைத்து, அடைத்த இடமெல்லாம் செத்துக் கறுக்கிறது. அப்புறம் வீட்டைப் பற்றிக் கேட்டார். வைக்கோல் உண்டா, சுவர் ஓதமா, மல்லாட்டை வீட்டில் சேர்த்து வைத்திருக்கிறீர்களா என்றார். அக்கா ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றவள், கடைசியில் சாக்கைச் சொன்னாள். மண்டியில் பழகிய சாக்கு, நாள் கணக்கில் ஈரம் காயாத சாக்கு.

டாக்டர் நெற்றிக் கண்ணாடியைக் கழற்றினார். "அதை எடுத்துடுங்க" என்றார். பிறகு, "அதனாலதான் வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. மண்டியிலயே இழுத்திருக்கலாம். தெருவுல இழுத்திருக்கலாம். மத்தவங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது" என்றார். வராந்தாவை ஒட்டிய கட்டிலில் மாமா கிடந்தார். மூக்குதான் போயிருந்தது, காது போகவில்லை. நாங்கள் உள்ளே போனதும் அவர் கேட்டது கண்ணைப் பற்றியோ உயிரைப் பற்றியோ இல்லை. "மேஸ்திரி காதுக்கு இது போவக் கூடாது" என்றார். அக்கா அழுதாள். "நீ அழுதா அவனுக்குத் தெரிஞ்சிடும். ஊரு பூரா சொல்லிடுவே" என்று அவளைத்தான் அதட்டினார்.

அன்றே நான் திண்டிவனம் போய்ச் சாக்குகளை அவிழ்த்துச் சுருட்டிப் பின்பக்கம் விறகுக் கொட்டகையில் போட்டேன். வீடு பூட்டிக் கிடந்ததால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மாமாவைச் சென்னைக்குக் கொண்டுபோனோம். பூசணம்தான் என்று அங்கேயும் உறுதி செய்தார்கள். வெட்டி எடுக்கலாம் என்றால் ரத்தம் உறையாத உடம்பு, மேஜையிலேயே உயிர் போய்விடும் என்றார்கள். வெளிநாட்டு மருந்து ஒன்று இருந்தது. எங்கெங்கோ கேட்டுக் கொஞ்சம் வரவழைத்து நரம்பில் ஏற்றினார்கள். ஏற்றும்போது கட்டிலே ஆடுகிற அளவுக்குக் குளிர் உலுக்கும். நானும் இன்னொருவரும் கால்களைப் பிடித்துக்கொள்வோம். வீக்கம் வடிகிற மாதிரி ஒரு நாள் இருந்தது. அக்கா வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. பிறகு மூத்திரம் நின்றுபோக ஆரம்பித்தது. மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று நிறுத்தினார்கள். அங்கிருந்த பெரிய டாக்டர் மாமாவிடமே நேராகப் பேசினார். மாமா கேட்டுக்கொண்டு, "அப்ப ஊட்டுக்குப் போறேன்" என்றார்.

திண்டிவனம் வந்து சேர்ந்த அன்றே, மறுநாள் மண்டி முடிந்ததும் பார்க்க வருகிறேன் என்று மேஸ்திரி சொல்லி அனுப்பினார். மாமா கிடந்த இடத்திலிருந்து ஜன்னலைப் பார்த்தார். திறந்திருந்த ஒரு கண்ணால்.

"சாக்கை எடுத்துக் கட்டு" என்றார் அக்காவிடம்.

அக்கா வெடித்துவிட்டாள். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? எது உன்னைத் தின்னுதோ அதைத் திரும்பக் கொண்டாந்து கட்டணுமா?"

"இனிமே அது எனக்கு என்னா புதுசா பண்ணிடப் போவுது? ஜன்னலு மொட்டையா இருந்தா ஏன்னு கேப்பான். ஏன்னு தெரிஞ்சா அவன் அப்புறம் சாக்குல கை வைப்பானா? அவனுக்குச் சோறே சாக்குதான். எனக்கு வந்தது என்னோட போவட்டும்."

அன்று அக்கா சாக்கைக் கட்டவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் பின்பக்கம் அடுப்பு மூட்டி அண்டாவை ஏற்றியிருந்தாள். உள்ளே சாக்கு கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் காப்பி நிறத்தில் நுரைத்தது. துடுப்பால் அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டே இருந்தாள். புதுச் சாக்கு வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "மண்டி மொத்தரை இல்லாத சாக்கைக் கட்டினா அவருக்குத் தெரியாதா?" என்றாள். அந்த மனுஷனின் கடைசி ஆசையையும் தட்ட முடியவில்லை, அவர் உயிரையும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. இரண்டையும் ஒரே அண்டாவில் போட்டு அவித்தாள் என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது. உச்சி வெயிலில் கல் மேல் விரித்து, முறுமுறுவென்று காய்ந்த பிறகு நான்தான் ஜன்னலில் கட்டினேன்.

மாலை வெயில் தாழ்ந்ததும் மேஸ்திரி வந்தார். குளித்து, வெளுத்த வேட்டி கட்டியிருந்தார். வழக்கம்போல் ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். "உள்ள வாடா" என்றார் மாமா. குரல் மூக்கடைத்து யாருடையதோ போல இருந்தது. மேஸ்திரி வாசலுக்கு வந்தார், படியருகே நின்றார், அக்காவைப் பார்த்தார். எதிர்வீட்டில் யாரோ எழுந்து நின்று கவனித்தார்கள். அக்கா, "வாங்க மேஸ்திரி" என்றாள். அவரை அவள் வாங்க என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் குனிந்து உள்ளே வந்தார். நிலைப்படி உயரமானதுதான், குனிய வேண்டியதில்லை. கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தார். மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார்.

"இன்னாம்மா, மொத்தரை வெளுத்துப் போச்சு? சாக்கைத் தொவைச்சீங்களா?"

அக்கா ஒரு கணம் விழித்தாள். "அழுக்கா இருந்துச்சு" என்றாள்.

"தொவைச்ச சாக்கை இப்பத்தான் பாக்கறேன். மொதலாளி பாத்தா மண்டிச் சாக்கு பூரா உங்ககிட்டயே போட்டுடுவாரு" என்றவர், அது காய்ந்து கிடப்பதைப் பார்த்தார். "என்னாம்மா, தண்ணி தெளிக்காம விட்டுட்டீங்க?" என்று எழுந்தார். அக்காவின் கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது. மாமா அவளைப் பார்த்தார். அவள் போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு வந்து மேஸ்திரியின் கையில் கொடுத்தாள். அத்தனை நாளும் வெளியிலிருந்து வீசியவர், அன்று உள்ளிருந்து, கையால் அள்ளி அள்ளி, பூச்செடிக்குத் தெளிப்பது போல மெதுவாகத் தெளித்தார். சாக்கு நனைந்து கறுத்தது. காற்று வந்தது.

"குளிர்ச்சியா இருக்குதா ஐயா?"

"இருக்குதுடா" என்றார் மாமா. பிறகு, கேட்காமலே சொன்னார். "வாசனை கூட நல்லா வருது."

எத்தனையோ ஆயிரம் மூட்டைக்கு முன்னால் நின்றவர். எவனுக்காகவும் மூக்கு சொன்னதை மாற்றிச் சொல்லாதவர். மேஸ்திரியின் முகம் மலர்ந்தது. அன்று அவர் அக்கா கொடுத்த காப்பியை எங்கள் வீட்டுத் தம்ளரில் குடித்துவிட்டுப் போனார். மாமா அந்த வாரமே போய்விட்டார். தூக்கிப் போகும்போது மேஸ்திரியும் அவர் ஆட்களும் பாடைக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, சுடுகாடு வரை வந்தார்கள்.

நான் மறுபடி ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன். அக்கா அந்தச் சாக்கை எறியவும் இல்லை, பத்திரப்படுத்தவும் இல்லை. கேப்பை காயப்போட்டாள், கிழிந்த பிறகு கால் துடைக்க வாசலில் போட்டாள். பல வருஷம் கழித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் மேஸ்திரியைப் பார்த்தேன். முதுகு வளைந்திருந்தது. என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். "என்னா பண்றது, நோவு பெருசு, நம்ம கையில ஒண்ணுமில்ல. ஆனா கடைசி வரிக்கும் உங்க மாமாவை வெயில்ல வாட விடல தம்பி" என்றார். ஆமாம் என்றேன். அவர் வேறு எதையும் கேட்கவில்லை. இன்னும் மண்டியில் உட்கார்ந்தபடி சாக்குத் தைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன கோடையில் திண்டிவனத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரப் பையன் தட்டியில் ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டு வாளித் தண்ணீரை வீசினான். நனைந்ததும் அந்த வாசனை எழுந்தது. கண்ணை மூடினால் எந்தப் பக்கத்துச் சரக்கு என்று சொல்ல எனக்குத் தெரியாது, அது மாமாவோடு போய்விட்டது. நான் மூக்கைத் துடைப்பதைப் பார்த்து அவன், "இன்னா பெரியவரே, சாக்கு நாத்தம் அடிக்குதா? அவுத்துடட்டுமா?" என்றான்.

"வேணாம்பா, இருக்கட்டும். நல்லாத்தான் வருது" என்றேன்.